எஞ்சிய சோறும் மத விளக்கமும்

மத நூலைப் புரட்டிப் பார்த்து ஒரு சமூகத்தின் அடுப்படியை விளங்கிக்கொள்ள முயல்வது நமது அறிவுஜீவிகளிடம் இன்னமும் ஒழியாத பழக்கம். முஸ்லிம் வீடுகளில் உணவு வீணாவது பற்றிய பேச்சிலும் இதுவே நடக்கிறது. இஸ்லாம் வீண்விரயத்தைத் தடுத்திருப்பதால் பிரச்சினையே இல்லை என்கின்றனர் ஒரு சாரார். ரமழான் இரவுகளின் குப்பைத் தொட்டிகளைக் காட்டி மதத்தின் மீதே பழிபோடுகின்றனர் மறுசாரார். இருவருமே வீட்டுக்குள் நுழைவதில்லை.

அல்குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் உண்ணவும் பருகவும் சொல்லி, அதே வசனத்தில் விரயத்தையும் விலக்குகிறது. கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணச் சொல்லும் நபிமொழியும் உண்டு. ஆயினும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021 அறிக்கை, சவூதி அரேபிய வீடுகளில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 105 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டது. உலகச் சராசரி 74 கிலோ.

போதனைக்கும் நடைமுறைக்கும் இடையில் நிற்பது விருந்தோம்பல் என்ற இன்னொரு அறம். பாலைவனத்துப் பஞ்சத்தில், விருந்தினர் உண்டு முடிக்க இயலாதபடி தட்டை நிரப்புவதே வீட்டுக்காரரின் மானம். அன்று மிச்சம் கழிவாகவில்லை. ஆண்கள் எழுந்தபின் அதே தட்டில் பெண்களும் பிள்ளைகளும் உண்டனர். மீதி அயலவருக்கும் கால்நடைகளுக்கும் போனது. எண்ணெய்ப் பணமும் நகர வாழ்க்கையும் வந்தபோது தட்டு பெருத்தது. மிச்சத்தை உண்போரின் வரிசை அறுந்தது. மானம் மட்டும் அப்படியே இருந்தது.

எனவே 'அந்தக் காலத்தில் எதுவும் வீணாகவில்லை' என்ற ஏக்கத்தையும் நாம் கேள்விக்குட்படுத்தவேண்டும். அந்தச் சிக்கனம், பெண்கள் கடைசியாக உண்பதன் மேல் கட்டப்பட்டிருந்தது. நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல.

பக்தி போதாமல்தான் விரயம் நடக்கிறது என்போர் துருக்கியையும் பார்க்கட்டும். நிலத்தில் கிடக்கும் பாண் துண்டை எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கும் மரபு அங்குண்டு. அதே நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பாண் வீணாகிறதென்று 2013இல் அரசே பிரசார இயக்கம் தொடங்கியது. அதில் பெரும்பங்கு வீடுகளில் அல்ல, பேக்கரிகளில் விலைப்படாமல் தேங்கியது. குடும்பத்துக்கு ஒழுக்கம் போதிப்பது சுலபம். சந்தையைக் கேள்வி கேட்பது கடினம்.

புகலிட நாடுகளில் எமது நடத்தை முழுவதையும் 'கலாசாரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கும்போது கோபம் கொள்கிறோம். அதே சொல்லை முஸ்லிம்கள் மீது வீசும்போது மட்டும் அது ஆய்வாகிவிடுமா? யார் சமைக்கிறார், எவ்வளவு என்று யார் தீர்மானிக்கிறார், மிச்சம் யாருக்குப் போகிறது? இவற்றைக் கேட்காத விமர்சனம் வசனங்களை எண்ணலாம். குப்பைத் தொட்டியை விளக்காது.