பல்லாங்குழி கணிதத்தை வளர்க்குமா? ஒரு கட்டுரை வரியைப் பற்றி

பாரம்பரிய விளையாட்டுகளின் நன்மைகள் என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பல்லாங்குழி கணித அறிவை வளர்க்கிறது என்ற வரி படிவம் 5 கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடும். நாமும் சரி போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். பிழையில்லாத வரிதான். ஆனால் எப்படி வளர்க்கிறது என்று கேட்டால் அந்த வரியிடம் பதில் இல்லை. பிள்ளைக்கு வீட்டிலேயே கூட்டல், கழித்தல் பழக்க நினைக்கும் பெற்றோரும் இதை நம்பித்தான் பலகை வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் உரசிப் பார்க்கணும்.

ஆட்டத்தைப் பாருங்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 முத்து. (நம் பிள்ளைகள் பள்ளியில் பார்க்கும் சொங்காக்கில் குழிக்கு 7, மொத்தம் 98.) ஒரு குழியை அள்ளி, அடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடணும். ஆறு வயதுப் பிள்ளை “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்று போட்டுக்கொண்டே போகலாம். கூட்ட வேண்டிய தேவையே வராது. நாலு சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று அள்ளும்போது, எண்ணாமலே நாலை அடையாளம் காணும் கண் வளர்கிறது. அது உண்மை. கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிப்பது பழகியவர் வேலை. 8+5 என்றதும் 13 என்று வாயில் வருவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

பாம்பும் ஏணியும் மட்டும் என்ன? எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் அமெரிக்கப் பாலர் வகுப்புப் பிள்ளைகளை 100 வரை எண்ணிட்ட பலகையில் ஆடவைத்தார்கள். 14இல் நிற்கும் காய்க்கு 3 விழுந்தால் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நகர்த்தலாம். “பதினஞ்சு, பதினாறு, பதினேழு” என்று கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லியும் நகர்த்தலாம். எண்ணறிவு நன்றாக முன்னேறியது இரண்டாவது வகையில்தான். பலகை ஒன்றே, வாயில் வந்த சொல்தான் வேறு. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

வெறும் கூட்டலுக்கு என்றால் நான் தாயத்தைத்தான் சொல்வேன். கட்டையின் முகங்கள் 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டை உருட்டினால் 2உம் 3உம் 5. 1உம் 3உம் 4, 2உம் 2உம் 4. ஒவ்வொரு உருட்டும் ஒரு கூட்டல் கணக்கு. (இரண்டும் வெறுமையானால் 12 என்பது கூட்டல் இல்லை, ஆட்ட விதி, பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.) பழம் ஏற இன்னும் 5 கட்டம், விழுந்தது 2, மீதி எத்தனை? கழித்தலும் வந்துவிட்டது. பத்தைத் தாண்டப் பகடை இரண்டு போதும். சீட்டு இன்னும் வசதி, ஆனால் பாட்டி முறைப்பார்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய்விட, பிள்ளை பாட்டியோடு இருக்கும் வீடுகள் உண்டு. பாட்டிக்குப் பயிற்சிப் புத்தகம் வேண்டாம். தாயம் அவருக்குத் தெரியும். “எத்தனை விழுந்துச்சு, சொல்லிட்டு நகர்த்துப்பா” என்ற ஒரு வார்த்தைதான் கூடுதலாக வேண்டும். படிவம் 1க்கு வந்தும் 8+5க்கு மேசைக்கடியில் விரல் விடும் மாணவருக்கு ஆறு வயதில் கிடைத்திருக்க வேண்டியது அதுதான்.

எஸ்.பி.எம். மாணவர்களே, இனி அந்த வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: தாயக்கட்டையில் இரண்டும் மூன்றும் விழ, ஐந்து என்று சொல்லிக் காயை நகர்த்தும் சிறுவன், ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டலைச் செய்து பார்க்கிறான்.