பி. ரம்லியின் பாட்டை யார் கேட்கிறார்கள்?

பினாங்கின் கெலுகோரில் சினிமா பேசும் தமிழ் இளைஞர்களுக்குக் குறைவில்லை. மணிரத்னத்தின் மழைக் காட்சிகளைப் பட்டியல் போடுவார்கள், வெற்றிமாறனுக்காகச் சண்டை போடுவார்கள், கொரியத் தொடர் ஒன்றை ஒரே இரவில் முடிப்பார்கள். பக்கத்துக் கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த ஒருவர் இயக்கிய படம் ஏதாவது ஒன்றை முழுதாகப் பார்த்ததுண்டா என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ஹரி ராயாவுக்குத் தொலைக்காட்சியில் ஓடியபோது சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே பார்த்திருப்பார்கள். அது பார்த்த கணக்கில் சேராது.

அந்த ஒருவர் பி. ரம்லி. தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு கொஞ்சம்தான், வேகமாகவே முடித்துவிடலாம். 1929 மார்ச் 22இல் பினாங்கில் பிறந்தவர். தந்தை அச்சேயிலிருந்து வந்தவர். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழாவில் பாடிக்கொண்டிருந்தவரை இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கண்டெடுத்து, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் படப்பிடிப்புக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். முதலில் பின்னணி பாடினார், வில்லனாக நடித்தார். 1955இல் ‘பெனாரெக் பெச்சா’வை இயக்கினார். 1964இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். 1973 மே 29இல் 44 வயதில் மறைந்தார். நடித்த படங்கள் அறுபதுக்கு மேல், பாடல்கள் நூற்றுக்கணக்கில். ஜார்ஜ் டவுனில் அவர் பெயரைத் தாங்கிய சாலையில் அவர் குடும்பத்தின் பலகை வீடு இன்றும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். வரலாறு இவ்வளவு போதும்.

‘மலாய்ப் படத்தில் நமக்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் அந்தப் படங்களின் தொடக்கத்தில் வரும் பெயர்களைப் படித்தாலே போதும். ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்து, தன் குரலிலேயே பாடிய படம் ‘பக்தி’ (1950). அதை இயக்கியவர் சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்த எல். கிருஷ்ணன். எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பி. என். ராவ், வங்கத்திலிருந்து வந்த ஃபணி மஜும்தார் என்று அந்தக் காலத்து மலாய் சினிமாவை இயக்கியவர்களில் இந்தியர்களே நிறைய. அவர்கள் கையில் வளர்ந்த ஒருவர் அவர்களைத் தாண்டிப் போன கதை இது. தமிழ் ரசிகருக்கு இதைவிட நெருக்கமான மலாய்க் கதை கிடையாது.

அவரை ‘மலாய் எம்.ஜி.ஆர்.’ என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. படம் பார்க்காமலே பேசிவிட வசதியான பட்டம் அது. எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாக்காரனாக வந்தது 1971இல். ரம்லி தான் இயக்கிய முதல் படமான ‘பெனாரெக் பெச்சா’விலேயே பெச்சா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டினார், அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னால். அதில் அவர் நடித்த அம்ரான் ஊரைத் திருத்த வந்த தலைவன் அல்லன். அம்மாவுக்குச் சோறு போட மிதிக்கிறவன். விருதுகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் இன்னொரு வகை. ‘அனாக்கு சசாலி’க்காக 1957இல் தோக்கியோவில் ஆசியப் படவிழாவின் சிறந்த நடிகர் விருது வாங்கினார் என்பது உண்மை. விருதைத் தெரிந்துகொண்டால் படம் புரிந்துவிடாது. காபிக் கடையில் கிட்டாரோடு அவர் பாட்டை மெதுவாக இழுத்துப் பாடும் இன்றைய மோகம் இன்னும் மோசம். பாட்டைக் கதையிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

பாட்டைப் பிடுங்கக் கூடாது என்பதுதான் ரம்லியை ரசிப்பதற்கான சாவி. இதைக் கொஞ்சம் நின்று பேசியே ஆக வேண்டும்.

சினிமாவில் பாட்டு இரண்டு வகை. ஒன்றை வானத்துப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். காதலர்கள் பூங்காவில் நடப்பார்கள், எங்கிருந்தோ வயலின்கள் கேட்கும், பாட்டு முடிந்ததும் அப்படி ஒன்று நடந்ததாகக் கதையில் யாருமே காட்டிக்கொள்ள மாட்டார்கள். மற்றது சபைப் பாட்டு. கதைக்குள்ளேயே ஒருவர் பாடுகிறார், கதைக்குள்ளேயே ஒருவர் கேட்கிறார், கேட்டவருடைய வாழ்க்கை அதனால் திரும்புகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில், காயம்பட்டு வந்திருக்கும் சண்முகசுந்தரத்தின் உடல்நலத்தை மோகனா சபை நடுவே பாட்டாலேயே விசாரிக்கும் இடத்தை நினைத்துக்கொண்டால் வேறு விளக்கமே வேண்டாம். தமிழ் சினிமா வானத்துப் பாட்டில் மன்னன், சபைப் பாட்டை எப்போதாவதுதான் தொட்டது. ரம்லியிடமும் வானத்துப் பாட்டு உண்டுதான். ஆனால் அவர் இயக்குநராக உச்சத்தில் நிற்கும் படங்களைத் தாங்குவது சபைப் பாட்டு. கதாநாயகனைத் திரும்பத் திரும்ப இசைக்கலைஞனாக வைத்ததன் காரணமும் அதுவே.

‘அந்தாரா டுவா டார்ஜாட்’ (1960) படத்தில் அரச குடும்பத்து வீட்டில் வாசிக்க வரும் கசாலியிடம் மனம் கொடுக்கிறாள் தெங்கு சலேஹா. பியானோ இல்லையென்றால் அந்த வீட்டுக்குள் நுழையவே அவனுக்குத் தகுதி இல்லை. ஆக, அங்கே பாட்டு ஓர் அனுமதிச் சீட்டு, பிறகு அதுவே குற்றம்.

‘இபு மெர்துவாக்கு’ (1962) இதன் சிகரம். பணக்கார வீட்டுப் பெண் சபாரியா வானொலியில் காசிம் செலாமாட்டின் குரலைக் கேட்கிறாள். முகம் தெரியாது, குரல்தான் தெரியும். காதல், கல்யாணம், தாய் கைவிடுவது, பினாங்கில் வறுமை, பிரிவு. மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்ற மாமியாரின் பொய்யை நம்பி அழுதே கண்ணை இழக்கிறான் காசிம். (அவனுக்கு அடைக்கலம் கொடுப்பவர் பினாங்கின் ஒரு மாமி என்பதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.) பிறகு வேறு பெயரில் சாக்ஸபோனோடு மேடையேறுகிறான். கூட்டத்தில் சபாரியா, இப்போது இன்னொருவருடைய மனைவியாக. முதலில் அவனைப் பார்க்காமல் அவள் கேட்டாள். இப்போது அவளைப் பார்க்க முடியாமல் அவன் பாடுகிறான். கேட்பவள் அதே ஒருத்தி. இப்படி ஒரு கட்டுமானத்தை வெறும் அழுகைப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் காதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்.

இந்தக் கண்ணோடு, இல்லை, காதோடு நகைச்சுவைப் படங்களுக்குப் போனால் அங்கும் அதே கலைஞன். ‘செனிமான் புஜாங் லாப்போக்’ (1961) படத்தில் ரம்லி, எஸ். ஷம்சுதீன், அஜீஸ் சத்தார் மூவரும் நடிகராக ஆசைப்பட்டு ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே வாய்ப்புத் தேடிப் போகிறார்கள். வாடகை வீட்டில் வசனம் பாடம் செய்ய உட்கார்ந்தால் அண்டை அறைகளின் சத்தம் விடுவதில்லை. சிரிப்பு முழுக்கச் சத்தத்தில் இருக்கிறது. வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து கைப்பேசியில் அனுப்பிக்கொள்பவர்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது.

கோலாலம்பூர் படங்கள் எல்லாமே வீழ்ச்சி என்பது விமர்சகர்களின் பழைய பாட்டு. வசதி குறைந்த ஸ்டூடியோ, மற்றவர்கள் வண்ணத்துக்குப் போன காலத்தில் கறுப்பு வெள்ளை, எல்லாம் சரி. சில படங்கள் சோர்ந்தவைதான். ஆனால் ‘மாசாம்-மாசாம் மானிஸ்’ (1965)? பகலில் வேலைக்குப் போகும் ஆசிரியர் ஒருபுறம், இரவு விடுதியில் வேலை செய்யும் பெண் மறுபுறம், நடுவில் ஒரு சுவர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சத்தத்தாலேயே சண்டை போடுகிறார்கள். வெளியே அவர்களே, ஆள் தெரியாமல், காதலிக்கிறார்கள். இது வீழ்ச்சி என்றால் இன்னும் பத்து வீழ்ச்சிகள் வந்திருக்கலாம்.

முதலில் ‘செனிமான் புஜாங் லாப்போக்’ பாருங்கள், சிரித்துப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்து ‘அந்தாரா டுவா டார்ஜாட்’. மனம் தயாரானதும் ‘இபு மெர்துவாக்கு’. கைப்பேசியை அணைத்துவிட்டு, நடுவில் எழாமல். ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் பாடுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்தைத் தேடுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட உட்கார வையுங்கள், அவர்களுக்கு நடிகர் பெயரெல்லாம் தெரியும். வெளியில் சொல்லத் தயங்குவார்களே தவிர, பல தமிழ்த் தாத்தாக்களுக்கு இந்தப் பாடல்கள் மனப்பாடம்.

பார்த்தபின் எழுதவும் வேண்டும். தமிழ்நாட்டில் ‘நிழல்’, ‘காட்சிப்பிழை’ என்று சினிமாவுக்காகவே சிற்றிதழ்கள் வந்திருக்கின்றன. ரம்லிக்கு அப்படித் தமிழில் ஓர் இதழ் தொடங்கப் பினாங்கை விடப் பொருத்தமான ஊர் எது? நாலு ரசிகர்களும் எட்டுப் பக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம். நடிகைகளின் ஒப்பனை பற்றிய துணுக்கு வேண்டாம், பிறந்தநாள் புகழ்மாலையும் வேண்டாம். ஒரு படம், ஒரு காட்சி, அதில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். முதல் இதழில் ‘கெரிமிஸ்’ (1968) இருக்கட்டும். மலாய்க்காரக் கமாலும் இந்தியப் பெண் லீலாவும் இரு வீட்டு எதிர்ப்பையும் மீறி மணந்துகொள்ளும் கதை, லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். அதைப் பற்றி முதலில் எழுத வேண்டியவர்கள் நாம்தான்.