எழுபது தடவை ஏழு: சொன்னது யாருக்கு?

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் மத்தேயு 18ஆம் அதிகாரம்தான். சகோதரனை எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று பேதுரு கேட்கிறார். எழுபது தடவை ஏழு என்கிறார் இயேசு. அணுபுரம், கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கத்துச் சேரிகளில் இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. சேரி நிலத்தை அனுபவிக்கிறவர் வாசலில் போய் யாரும் இதைப் பிரசங்கித்து நான் பார்த்ததில்லை.

வசனத்தை அடுத்து இயேசு ஒரு கதை சொல்கிறார். பிரசங்கத்தை மறந்துவிட்டு அதை ஒரு பிரதியாக வாசிப்போம். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் காலில் விழுகிறான். ராஜா மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டிய சக ஊழியனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான், ஜெயிலில் போடுகிறான். விஷயம் தெரிந்ததும் ராஜா தள்ளுபடியை ரத்து செய்கிறான். ராஜாவுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? பார்த்து மனம் நொந்த மற்ற ஊழியர்கள் போய் முறையிட்டார்கள். நெரிபட்டவனிடம் போய் 'பொறுத்துக்கோப்பா' என்று அவர்கள் சொல்லவில்லை. இயேசுவும் அவர்களைக் குறை சொல்லவில்லை. பிரசங்கிகள் தாண்டிப் போகிற இடம் இது.

எங்கள் மாவட்டத்திலும் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள். பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. அப்படியும் நிலம் கை மாறியது. காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். ஒன்று கிறிஸ்தவப் பெயர், ஒன்று இந்துப் பெயர். கதையில் வருகிற அந்தச் சக ஊழியர்கள் இவர்கள்தான்.

இதையெல்லாம் மன்னிக்க வேண்டாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது ஓர் ஆயா கேட்டது: "இன்னாத்த கண்ணு மன்னிக்கிறது? நெலம் இன்னும் அவன் கைலதான கீது? மொதல்ல அத்த வுடச் சொல்லு."

ஆயா சொன்னது லூக்கா 19ஆம் அதிகாரம். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்ன பிறகுதான், அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். நிலத்தைத் திருப்பாதவனுக்கு எந்த வசனத்தை வைத்து விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள்?

மன்னிப்பே கூடாது என்று நான் வாதாடவில்லை. பழிவாங்குவதைக் கைவிடலாம். அது நம் மனசைக் காப்பாற்றும். பட்டாவை எதற்குக் கைவிட வேண்டும்? மன்னித்தவன் மனு போடக் கூடாது என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

பழைய தமிழ் வேதாகமத்தில், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன்னிப்போடு வருகிற சொல் 'கடன்'. கடனைத் தள்ளுபடி செய்கிற உரிமை கொடுத்தவனுக்குத்தான் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்களுக்கு உழைப்பையும் நிலத்தையும் கொடுத்துவிட்டு நிற்பது நாம். மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பதை நாம் சொல்வோம். பிரசங்கி அதுவரைக்கும் ஊர்த்தெருப் பக்கம் போய், திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசட்டும்.