சென்னை ஓப்பன் 2022: இரட்டையர் ஆட்டம் ஏன் ஓரமாப் போச்சு?

2022 சென்னை ஓப்பன்னாலே 17 வயசு லிண்டா ஃப்ருவிர்தோவா பேர்தான் ஞாபகம் வரும். முதல் செட்டை மக்தா லினெட்டிடம் விட்டுட்டு, அடுத்த ரெண்டையும் எடுத்து ஜெயிச்ச பொண்ணு. பாராட்ட வேண்டியதுதான். ஆனா அதே வாரம், அதே நுங்கம்பாக்கம் மைதானத்தில் முடிந்த பெண்கள் இரட்டையர் இறுதிப்போட்டியில்தான் பெரிய கதை இருந்தது.

கனடாவின் டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் 6-1, 6-2 என்று ஜெயித்தார்கள். ஸ்கோரை மட்டும் பார்த்தா சப்புன்னு இருக்கும். ஓராண்டுக்கு முன்னால் யுஎஸ் ஓப்பன் அரையிறுதியில் இதே ஜோடி ஆடும்போதுதான் ஸ்டெஃபானியின் முழங்கால் போனது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டு போனாங்க. அதற்குச் சில வாரம் முன்புதான் டோக்கியோவில் வெண்கலம் வாங்கியிருந்தார், பிரேசில் டென்னிஸின் முதல் ஒலிம்பிக் பதக்கம். சென்னையில் மறுபடி அதே துணையோடு நின்றார்.

வலைக்கு அந்தப் பக்கம் மட்டும் என்னவாம்? ரஷ்யர்களுக்கு அந்த வருசம் விம்பிள்டனில் தடை. பிளிங்கோவா ஆட முடியல. ட்சலமீட்ஸே ஜார்ஜியாவுக்கு மாறிப் போய் ஆடினார்.

இதெல்லாம் ஏன் நம்ம காதுக்கு எட்டல? பார்வையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்க வடகரைப் பக்கம் ராத்திரி லைட் போட்டு ஷட்டில் ஆடுறவங்க பெரும்பாலும் நாலு பேராத்தான் ஆடுவாங்க. முன்னால நிக்கிறவர் விட்டதைப் பின்னால உள்ளவர் எடுக்குற அழகை அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறை ஆட்டத்தை நடத்துற முறையில் இருக்கு. டபிள்யூடிஏ இரட்டையரில் 40-40 வந்தா ஒரே புள்ளியில் கேம் முடிஞ்சிடும். மூன்றாவது செட்டே கிடையாது, பத்துப் புள்ளி டைபிரேக்தான். டியூஸ், அட்வான்டேஜ்னு இழுக்கும்போதுதான் ரெண்டு பேரும் காதோடு காதா பேசி இடம் மாறுவதும், எதிராளி அதைக் கண்டுபிடிப்பதும் நடக்கும். அதையே வெட்டிட்டா மிச்சம் என்ன? விம்பிள்டனில் இன்னும் முழு செட்தான்.

ஆட்டம் சுருங்கினால்தான் ஒற்றையர் வீராங்கனைகள் இதிலும் ஆடுவாங்க என்பது எதிர்வாதம். 2025 சென்னையில் இந்தோனேசியாவின் ஜேனிஸ் ட்ஜென் ஒரே வாரத்தில் ரெண்டு பட்டமும் வாங்கினது அதற்குச் சாட்சி. ஒத்துக்கிறேன். ஆனா இறுதிப்போட்டிக்கு மட்டுமாவது முழு மூன்றாவது செட் கொடுத்தா யாருக்கு என்ன நட்டம்?