‘சேமி’ பொத்தானோடு முடிந்துவிடும் விளக்கங்கள்: போர்ட் ஃபார்வர்டிங் வழிகாட்டிகள் குறித்து ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றாலே கவிதை, சிறுகதை, நாவல் என்று பழகிவிட்டோம். இந்த முறை வேறொரு வகை எழுத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு மோடம் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பது எப்படி என்று தமிழில் வருகின்ற செய்முறை விளக்கங்கள்தான் அவை. எழுத்தாகவும் வருகின்றன, காணொலியாகவும் வருகின்றன. பாடப்பொருளை வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் வைத்துப் பள்ளியிலிருந்து எடுக்க விரும்பும் ஆசிரியர், வீட்டுக் கேமராவைக் கைப்பேசியில் பார்க்க நினைக்கும் பெற்றோர், நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தும் மாணவர் என எல்லாரும் தேடிப் போவது இவற்றைத்தான்.

இதையெல்லாம் போய்த் திறனாய்வு செய்யணுமா என்று கேட்கலாம். செய்யணும். ஒரு கவிதையைத் தவறாகப் புரிந்துகொண்டால் வகுப்பில் நல்ல விவாதம் கிடைக்கும். ஒரு செய்முறை விளக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் வீட்டுக் கேமராவை யாரோ ஒருவர் பார்ப்பார். மொழி துல்லியமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் எழுத்து வேறு இல்லை.

வழக்கமான வடிவம்

இத்தகைய விளக்கங்களின் பொதுவான போக்கை நானே சுருக்கி ஒரு மாதிரியாக எழுதிக் காட்டுகிறேன்:

“ரவுட்டர் பக்கத்தைத் திறக்கவும். கடவுச்சொல்லைக் கொடுக்கவும். துறைமுகப் பகிர்தல் பகுதிக்குச் செல்லவும். வெளித் துறைமுகம், உள் துறைமுகம், ஐபி முகவரி ஆகியவை நிரப்பப்பட வேண்டும். சேமிக்கவும். அவ்வளவுதான்!”

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். வாக்கியங்கள் சிறியவை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். ‘திறக்கவும்’, ‘செல்லவும்’ என்று மரியாதையான ஏவல். படிவம் 4 மாணவருக்குச் செயல்முறை எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் வலியுறுத்துவதும் இதைத்தான். திரைப்படங்களையும் சேர்த்து வெளியிடுவோர் இன்னும் ஒரு படி மேல். திரையைக் காட்டிவிட்டால் பாதிச் சொற்கள் மிச்சம்.

ஆனால் இந்த மாதிரியை வைத்துக்கொண்டு வேலையைச் செய்து பாருங்கள். நான்கு இடங்களில் தடுக்கும்.

ஒன்று: சொல்

‘துறைமுகம்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேர்கள் உண்டு. கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு ஒரு லத்தீன் சொல், கதவு அல்லது வாயில் என்பதற்கு இன்னொரு லத்தீன் சொல். கணினியில் உள்ள போர்ட் வாயிலைச் சேர்ந்தது. மொழிபெயர்ப்புக் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போனால் கிள்ளான் துறைமுகத்தைக் கொண்டுவந்து ரவுட்டருக்குள் வைத்துவிடும்! சிரிக்கலாம், ஆனால் படிப்பவருக்கு அந்தச் சொல்லால் எந்தக் கருத்தும் கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எல்லாவற்றையும் தூய தமிழில் தந்துவிட்டு, ரவுட்டர் திரையில் அந்தச் சொல் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாமல் விடுவது. ஒரே வேலைக்கு நிறுவனங்கள் வெவ்வேறு பெயர் வைக்கின்றன. சில ரவுட்டர்களில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்றிருக்கும். டிபி-லிங்க் ரவுட்டர்கள் பலவற்றில் ‘விர்ச்சுவல் சர்வர்’ என்றிருக்கும். இதை ‘மெய்நிகர் சேவையகம்’ என்று மட்டும் எழுதினால் சொல் சரிதான், ஆனால் படிப்பவர் திரையில் எதைத் தேடுவார்?

என் பரிந்துரை எளிது. திரையில் உள்ள பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள். முதல் முறை வரும்போது ஒரு வரியில் பொருள் சொல்லுங்கள். ‘போர்ட் என்பது ஒரு சாதனத்தில் உள்ள எண்ணிட்ட வாயில். 0 முதல் 65535 வரை எண்கள் உண்டு. வலைப்பக்கங்களுக்குப் பொதுவாக 80, 443. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு 25565.’ இவ்வளவு போதும்.

இரண்டு: உவமை

கொஞ்சம் அக்கறையுள்ள விளக்கங்கள் ஓர் உவமையோடு தொடங்கும். ரவுட்டர் என்பது அடுக்குமாடிக் காவலாளி. வீட்டுச் சாதனங்கள் அடுக்குமாடியில் உள்ள வீடுகள். போர்ட் எண் என்பது வீட்டு எண். கொண்டோவில் குடியிருக்கும் நமக்கு உடனே புரியும்.

இந்த உவமை ஒரு பாதியை நன்றாக விளக்குகிறது. வீட்டுக்குள் இருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வெளியுலகில் செல்லாது. இணையத்துக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே ஒரு வெளி முகவரி. உள்ளேயிருந்து ஒருவர் உணவு ஆர்டர் செய்தால் காவலாளி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, சாப்பாடு வரும்போது அந்த வீட்டுக்கு அனுப்புவார். யாரும் அழைக்காமல் ஒருவர் வந்து நின்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாததால் திருப்பி அனுப்பிவிடுவார். ‘25565 என்று கேட்டு வருபவரை இந்தச் சாதனத்துக்கு அனுப்பு’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

உவமை உடையும் இடம் எது? காவலாளி என்றதும் அடையாள அட்டையைக் கேட்பார், முகத்தைப் பார்ப்பார் என்று நம் மனம் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. வழக்கமான ஃபார்வர்டிங் விதி அப்படி எதையும் கேட்பதில்லை. எண்ணைச் சொன்னால் போதும், உலகத்தில் யார் வந்தாலும் உள்ளே அனுப்பும். அதன்பின் தடுக்க வேண்டியது அந்தச் சாதனத்தின் கடவுச்சொல்லும் மென்பொருளும்தான். உவமை தருபவர் அது எங்கே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இலக்கியத்தில் உவமையின் பொதுத்தன்மையைக் கேட்கிறோம் அல்லவா? இங்கே வேறுபாட்டையும் கேட்க வேண்டும்.

மூன்று: வரிசையும் வாக்கியமும்

மாதிரியில் ‘ஐபி முகவரி நிரப்பப்பட வேண்டும்’ என்று வருகிறது. செயப்பாட்டு வினை. யார் நிரப்புவது? எந்த முகவரி? வெளி முகவரியா, ரவுட்டருடையதா, கணினியுடையதா? செயப்பாட்டு வினை இந்தக் கேள்விகளையெல்லாம் மூடி மறைத்துவிடுகிறது. ‘உங்கள் சர்வர் ஓடும் கணினியின் உள் ஐபியை இந்தக் கட்டத்தில் எழுதுங்கள்’ என்றால் ஐயமே இல்லை.

இன்னொன்று, வரிசை. ரவுட்டர் பொதுவாகச் சாதனங்களுக்கு முகவரியைத் தற்காலிகமாகத்தான் தருகிறது. இன்று 192.168.0.105 என்ற முகவரியில் இருக்கும் கணினி, அடுத்த வாரம் வேறு முகவரிக்குப் போகலாம். பழைய முகவரி தங்கையின் கைப்பேசிக்குக் கிடைக்கலாம். விதி மட்டும் மாறாமல் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, அந்தக் கணினிக்கு முகவரியை ஒதுக்கி நிலைப்படுத்துவதுதான் முதல் படி. பல விளக்கங்களில் இது கடைசியில் ‘குறிப்பு’ என்று வரும், அல்லது வராது. விளக்கம் எழுதியவர் ரவுட்டர் மெனுவின் வரிசையைப் பின்பற்றினார். வேலையின் வரிசையைப் பின்பற்றவில்லை.

சோதிக்கும் முறையும் இதைச் சேர்ந்ததே. ‘சேமிக்கவும்’ என்பதோடு வேலை முடிவதில்லை. வீட்டு வைஃபையில் இருந்தபடியே வெளி முகவரியைத் திறந்து பார்த்தால் சில ரவுட்டர்களில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதிப்பதே சரியான சோதனை. சோதிக்கும்போது கணினியில் சர்வரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கணினியின் ஃபயர்வாலும் அதை அனுமதிக்க வேண்டும்.

நான்கு: சொல்லாமல் விட்டது

இதுதான் பெரிய குறை. இரண்டு செய்திகளை இவ்விளக்கங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

முதலாவது, எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யாத நிலை. வெளி முகவரிகளுக்குப் பற்றாக்குறை இருப்பதால் இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைப்பதுண்டு. அப்போது நமக்கு மேலே இன்னொரு ‘காவலாளி’ இருக்கிறார். அவருக்கு நாம் விதி எழுத முடியாது. கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி ஐபியும், ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடினால் வரும் ஐபியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியாக இருந்தால், எத்தனை முறை விதி எழுதினாலும் பயனில்லை. நிறுவனத்தை அழைத்துப் பொது ஐபி கிடைக்குமா என்று கேட்க வேண்டும். வீட்டிலேயே மோடம் ஒன்று, ரவுட்டர் ஒன்று என்று இரண்டும் முகவரி பங்கிட்டால், இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஒரு பத்தி இல்லாததால் ஒரு மாணவர் இரவு முழுக்க உட்கார்ந்து, ‘எனக்கு ஐடி வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். அந்த முடிவுக்கு அவர் காரணமல்ல.

இரண்டாவது, ஆபத்து. 2016இல் மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தொழிற்சாலைக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே ஏராளமான சாதனங்களைக் கைப்பற்றியது. 2022 ஜனவரியில் க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற பிணைமிரட்டல் நிரல் தாக்கியபோது, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள் என்று அந்நிறுவனமே பயனர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பெட்டியில் இருப்பது பத்து வருடப் பாடக்குறிப்பு என்றால் இழப்பு எவ்வளவு என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் மோசமானது, ‘வேலை செய்யவில்லையா? டிஎம்இசட்டை ஆன் செய்யுங்கள்’ என்று ஒரே வரியில் தரும் ஆலோசனை. வீட்டு ரவுட்டரில் டிஎம்இசட் என்பது, அழைக்காமல் வரும் எல்லாவற்றையும் ஒரே சாதனத்துக்குத் திறந்துவிடுவது. ஒரு சன்னலைத் திறக்கக் கேட்டவருக்குச் சுவரையே இடிக்கச் சொல்லும் யோசனை இது.

‘சுருக்கமாகத்தானே வேண்டும்?’

ஒரு மறுப்பு எழலாம். படிப்பவருக்கு நேரமில்லை, பாடநூல் மாதிரி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நியாயமான பேச்சு. அதனால் நீளமாக எழுதச் சொல்லவில்லை. மேலே உள்ள மாதிரியை இப்படித் திருத்தலாம்:

“1. ரவுட்டர் காட்டும் வெளி ஐபியையும் இணையம் காட்டும் ஐபியையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் இங்கேயே நிறுத்தி, சேவை நிறுவனத்தைக் கேளுங்கள்.
2. சர்வர் ஓடும் கணினிக்கு உள் ஐபியை ஒதுக்குங்கள்.
3. ‘போர்ட் ஃபார்வர்டிங்’ அல்லது ‘விர்ச்சுவல் சர்வர்’ பக்கத்தில், அந்த ஐபியையும் தேவையான ஒரே ஒரு போர்ட்டையும் எழுதிச் சேமியுங்கள்.
4. சர்வரை ஓடவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.
5. இனி இந்த வாயில் வழியாக யாரும் வரலாம். சாதனத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். தேவை முடிந்ததும் விதியை நீக்குங்கள்.
6. கேமராவோ சேமிப்புப் பெட்டியோ என்றால் இதைச் செய்யாதீர்கள். விபிஎன் வழியைப் பாருங்கள்.”

ஒரு குறை எனக்கே தெரிகிறது: ஆறாவது படி முதலில் வர வேண்டும். செய்யக் கூடாதவர் ஐந்து படிகளையும் செய்து முடித்த பிறகு எச்சரிக்கையைப் படிக்கக் கூடாது. வகுப்பில் இதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அப்படியே விட்டிருக்கிறேன்.

மாணவர்களுக்குப் பயிற்சி

எந்தச் செய்முறை விளக்கத்தையும் கையில் எடுத்து இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் தெரிகிறதா?
2. ‘எனில்’, ‘ஆனால்’ என்று வரும் நிபந்தனைகள் கட்டளைக்கு முன்னால் நிற்கின்றனவா?
3. சொற்கள் கையிலிருக்கும் பொருளோடு பொருந்துகின்றனவா?
4. வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
5. செய்ததை எப்படித் திரும்ப அழிப்பது?

ஐந்தாவது கேள்விக்கு விடை தரும் விளக்கங்கள் மிகக் குறைவு. அப்படி ஒன்று கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.