உடைமையும் பயன்பாடும்: கோர்டன் லெஃப்பின் பதித வரலாறு பற்றி ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய மத்தியகாலச் சிந்தனையை ஆராய்ந்த ஆங்கில வரலாற்றாசிரியருள் கோர்டன் லெஃப் குறிப்பிடத்தக்கவர். 1961இல் மார்க்சியத்தை மறுத்து 'கருத்துகளின் கொடுங்கோன்மை' என்ற பொருள்படும் நூலொன்றை எழுதியவர் ஆதலின், 1967இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது பிற்கால மத்தியகாலப் பதிதம் பற்றிய ஆய்வை நம்மவர் புரட்டாமலே ஒதுக்கிவிடுதல் கூடும். அது தவறாகும்.

'பதிதம்' என்பது கத்தோலிக்கத் தமிழ் வழக்கு. இதனைப் 'புறச்சமயம்' எனக் கொள்ளலாகாது. புறத்தே நிற்பவன் பகைவன். பதிதனோ அகத்தே நின்று மாறுபடுபவன். (1313இல் உமாபதி சிவாசாரியர் இயற்றிய சங்கற்ப நிராகரணம் சைவத்துக்கு அணுக்கமான கொள்கைகளையே பெரிதும் மறுக்கின்றமை இவ்விடத்து நினையத்தக்கது.) லெஃப்பின் அடிப்படை முடிபும் இதுவே. பதிதம் வெளியிலிருந்து வந்த நஞ்சன்று. திருச்சபை தானே போதித்த இலட்சியத்தைச் சிலர் இறுதிவரை கொண்டுசென்றதன் விளைவு. அதிகாரபீடம் தடுத்த பின்னரும் பணிய மறுப்பதே மாறுபட்ட கருத்தைப் பதிதமாக்குகின்றது. நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய மரியாள் பற்றி 1990இல் எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் சபைவிலக்கம் செய்யப்பட்டார். ஓராண்டில் அது நீக்கப்பட்டது. அங்கும் கருத்தினும் பணிவே பெரிய வினாவாயிற்று.

லெஃப்பின் திறன் முழுமையாக வெளிப்படுவது பிரான்சிஸ்கன் துறவிகளின் வறுமை பற்றிய விவாதத்திலேயாம். துறவிகள் எதனையும் உடைமையாகக் கொள்ளார், பயன்படுத்த மட்டுமே செய்வர், உடைமை பாப்பரசருக்குரியது என 1279இல் மூன்றாம் நிக்கலஸ் வகுத்தார். 22ஆம் யோவான் இதனைத் தகர்த்தார். தானியத்தையும் திராட்சை மதுவையும் களஞ்சியத்திற் சேமிக்கலாமா என்பதை மேலதிகாரிகளே தீர்மானிப்பர் என 1317இல் ஆணையிட்டார். அதற்குப் பணியாத துறவியர் நால்வர் 1318இல் மார்செயில் எரிக்கப்பட்டனர். உண்ணும் உணவில் பயனையும் உடைமையையும் பிரிக்கவியலாது என 1322இல் வாதிட்ட பாப்பரசர், கிறிஸ்துவும் சீடரும் எதனையும் உடைமையாகக் கொண்டிலர் என்பதைப் பிடிவாதமாகக் கூறுதல் பதிதமென மறு ஆண்டு அறிவித்தார்.

உடைமையற்ற பயன்பாடு என்னும் இக்கருத்து ஒக்ஸ்போட் மாணவனுக்கு நுண்மையான தருக்கமாகத் தோன்றலாம். பசறையிலோ ஹாலிஎலயிலோ லயக் காம்பராவிற் பிறந்தவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்ட நிலம் அரசுடைமையாயிற்று. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. உடைமை அரசிடம், குத்தகை கம்பனியிடம், தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பு மட்டும் தொழிலாளியிடம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அது ஆபத்தான இடமென்பது முன்னரே அறியப்பட்டதே. ஆயின் தாம் தெரிந்த வேறோரிடத்தில் வீடமைக்கத் தமக்கென நிலம் அம்மக்களிடம் இருக்கவில்லை.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. அசிசியின் பிரான்சிஸ் துணிவணிகரின் மைந்தர், இருந்ததைத் துறந்தவர். தோட்டத் தொழிலாளி துறந்தது எதுவுமில்லை. அவன் வேண்டுவது ஏழு பேர்ச் நிலமும் அதற்குரிய காணி உறுதியும். வறுமையை இலட்சியமாக்குவோர் பெரும்பாலும் வறியோராகப் பிறந்தவரல்லர். பாப்பரசரும் பதிதரும் ஒருசேர மறந்த இதனை லெஃப்பும் வற்புறுத்துவதில்லை. அவரிடத்து வறுமை ஒரு கருத்து. கருத்தோடு கருத்து மோதுகின்றது. 1279இல் ஏற்புடையதாயிருந்தது 1323இல் ஏன் பொறுக்கவியலாததாயிற்று என்ற வினாவுக்கு அவர் கூறும் விடை, தருக்கத்தின் உள்வளர்ச்சியும் பாப்பரசரின் இயல்பும் என்ற அளவிலே நின்றுவிடுகின்றது. பெருநிலவுடைமையாளராயிருந்த திருச்சபை, தன் மூலவர் உடைமையற்றவர் என்பதைச் சட்டமாக ஒப்புக்கொண்டால் என்னாகும்? அக்கொள்கை துறவியரோடு நில்லாது, தென் பிரான்சின் நகரங்களில் வாழ்ந்த பெகின் எனப்பட்ட இல்லறத்தாரிடையேயும் பரவி, அவர்களிற் பலரும் எரிக்கப்பட்டமைக்கு இவ்வினாவோடு தொடர்பில்லையா?

1850இல் ஏங்கெல்ஸ் செருமானிய உழவர் போர் பற்றிய நூலில் நகரத்தார் பதிதத்தையும் உழவர் பதிதத்தையும் வேறுபடுத்தினார். அப்பாகுபாடு பருமட்டானது, இறையியலின் உள்நுணுக்கங்களை அது விளக்காது. அவற்றுக்கு நாம் லெஃப்பிடமே செல்லவேண்டும். ஆயின் 1317இன் ஆணையிற் குறிக்கப்பட்ட களஞ்சியத்துக்கு மீண்டும் வருவோம். அதை நிரப்பலாமா என்பது பற்றி இரு தரப்பும் எழுதிக் குவித்தன. அத்தானியத்தை விளைவித்துப் பிச்சையாக இட்ட உழவனின் பெயர் எத்தரப்பின் ஏட்டிலும் இல்லை.