ரேடியேட்டரில் எண்ணெய்: மெக்கானிக்கின் துப்பறிதலை எப்படி ரசிப்பது?

முத்தையாபுரம் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக் கன்டெய்னர், நிலக்கரி, உப்பளத்து உப்பு என்று எல்லாவற்றுக்கும் லாரிதான். லாரி நிற்கும் ஊரில் பட்டறையும் இருக்கும். அங்கே நின்று பார்க்கத்தக்க வேலை ஒன்று உண்டு: கூலண்ட்டில் இன்ஜின் ஆயில் கலந்துவிட்ட வண்டியில், அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். ரசிக்கவேண்டியது அந்தப் பாதியைத்தான்.

முதலில் மெக்கானிக் கேட்பதைக் கவனியுங்கள். “அண்ணாச்சி, ஆயில் குறையுதா, தண்ணி குறையுதா?”

விஷயமே இதில்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சுமார் 3, 4 பார்; ரேடியேட்டர் மூடி தாங்குவதோ ஏறக்குறைய 1 பார்தான். அழுத்தத்தோடு ஆயில் ஓடும் பாதையில் ஓட்டை விழுந்தால், ஆயில்தான் தண்ணீருக்குள் பாயும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும். சூடான தண்ணீரின் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் ஆயிலுக்குள் போகலாம். ஆகவே டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்து ரேடியேட்டரில் மட்டும் எண்ணெய் மிதந்தால், முதல் சந்தேகம், ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலர் மேல். ஆயில் வெளுத்துப்போய்த் தண்ணீர் மட்டும் குறைந்தால், லைனர் ஓ ரிங்கையும் ஹெட் கேஸ்கட்டையும் பார்க்கவேண்டும். டாடா லாரிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி இன்ஜினில் தனி லைனரே கிடையாது. அங்கே ஓ ரிங் பேச்சு எழாது. இன்ஜின் பெயரைக் கேட்டதுமே நல்ல மெக்கானிக் சந்தேகப் பட்டியலைச் சுருக்கிவிடுவார்.

அடுத்து அவர் கையைப் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகே மூடியைத் திறப்பார்; சூட்டோடு திறப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மூடியின் அடியில் கெட்டி மோர் போலப் பழுப்பாக ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்வார். டீசல் வாடை அடித்தால் தேடவேண்டிய இடமே வேறு. சில இன்ஜின்களில் அது இன்ஜெக்டர் ஸ்லீவ். பிறகு ரேடியேட்டர் ஹோஸை அமுக்குவார். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். கசிவு பழசா புதுசா என்று அந்த ஒரு அமுக்கில் ஊகித்துவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் குமிழிகள். ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழி வந்தால் ‘ஹெட் கேஸ்கட் போச்சு’ என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் பல லாரிகளில் ஏர் பிரேக் கம்பிரஸரின் ஹெட்டுக்கும் அதே தண்ணீர்தான் போகிறது. அங்கே கேஸ்கட் பழுதானாலும் காற்று ரேடியேட்டருக்கு வந்து சேரும். கம்பிரஸரின் தண்ணீர் இணைப்பைப் பிரித்துவைத்து, குமிழி நிற்கிறதா என்று மறுபடி பார்க்கிற பொறுமை இருக்கிறதே, தொழிலின் அழகு அதுதான்.

சந்தேகம் ஆயில் கூலரில் வந்து நின்றால், அதைக் கழற்றி ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். வெந்நீர் என்றால் இன்னும் நல்லது. சூட்டில் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு அதில்தான் அகப்படும். ஒரு தகட்டின் ஓரத்திலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். திருடன் அகப்பட்டான்.

“என்ன தண்ணி ஊத்துனீங்க?” என்ற விசாரணையும் இந்தக் கரையில் தவறாமல் நடக்கவேண்டும். உப்பு விளையும் மண்ணில் போர் தண்ணீரும் உவர்ப்பாக இருக்கும். கூலண்ட் சேர்க்காமல் அதையே ஊற்றி ஓட்டினால், உப்பு கூலரின் உலோகத்தை உள்ளுக்குள் அரித்துவிடும்.

புதுக் கூலர் போட்ட பிறகு ஹோஸ்களை மாற்றி, எண்ணெய்ப் படலம் போகும்வரை திரும்பத் திரும்ப அலசவேண்டும். இதில் அலுத்துக்கொள்ளாதவரே தேர்ந்த மெக்கானிக்.

லாரி வைத்திருப்பவர்களே, ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆயில் கூலரைக் காத்தடிச்சுப் பாத்தாச்சா?”